காரின் அடிவயிற்றுப் பூச்சு

உனக்கு வேறு வேலையே இல்லையா? ஊரில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ நடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் காருக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறாய். அடுத்தவர் அடுப்படியை எட்டிப் பார்த்தாலே தப்பு. நீ காருக்கு அடியில் குனிந்து பார்க்கிறாய். வெட்கமாக இல்லை? சரி, வந்ததுதான் வந்தாய், தள்ளி உட்கார். வெயிலை மறைக்கிறாய். நான் பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சியைப் பிடித்து எழுதியதைவிடத் தின்றதுதான் அதிகம். அதனால் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள். நீ வெளியூர் ஆள், அதனால்தான் நடந்ததைச் சொல்கிறேன், இந்தத் தெருவில் யார் காதிலும் போடாதே.

நான் அரிமளத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். மாப்பிள்ளை கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தினமும் போய் வருகிறவர். அந்த உப்புக் காற்று அவருடைய பழைய ஸ்கூட்டரைத் தின்று தீர்த்துவிட்டது. கால் வைக்கிற தகரத்தில் ஓட்டை விழுந்து, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கார் வாங்கினார். வெள்ளைக் கார். புதுசு.

கார் வீட்டுக்கு வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு போனேன். மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார்.

"சயின்ஸ் வாத்தியார் வீட்டுல எலுமிச்சம்பழமா அத்தை? நாளைக்குப் பிள்ளைங்க கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுத்தான் மாப்புள. வேற மூஞ்சிக்கு எங்க போறது?"

ஆனாலும் அவர் மசியவில்லை. பழத்தை வீணாக்குவானேன் என்று பிழிந்து, சர்க்கரை போட்டு அவருக்கே குடிக்கக் கொடுத்துவிட்டேன். திருஷ்டி உள்ளே போய்க் கழிந்தால் சரி.

இப்போது என் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டவன். சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து, சம்பாதித்ததையெல்லாம் கொட்டிப் புதுக்கோட்டை போகிற ரோட்டில் ஒரு கடை போட்டான். காரின் அடிப்பக்கத்தில் துருப் பிடிக்காமல் பூச்சு அடிக்கிற கடை. எங்கள் பக்கத்தில் காரைக் கழுவுவதற்குக் கடை உண்டு, பஞ்சர் ஒட்டக் கடை உண்டு. அடிவயிற்றுக்குப் பூச்சு என்று இதுவரை யார் கேள்விப்பட்டார்கள்? கடை திறந்தும் ஆள் வரவில்லை. வந்தவர்களும், "வாத்தியார் காருக்கு அடிச்சிருக்கேல்ல? ஒரு மழை போகட்டும், பாத்துட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாத்தியார் கார் என்றது எங்கள் காரைத்தான், அவன் முதலில் பூசியது அதற்குத்தான். அந்தக் கார் துருப் பிடிக்காமல் இருந்தால் அவனுக்குக் கடை. பிடித்தால் மறுபடி சிங்கப்பூர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகள் அவனுக்கு முறைப் பெண். சின்ன வயதில் எல்லாரும் அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். அவள் படித்தாள், வாத்தியாரைக் கட்டினாள். அவனும் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் ஊர் வாய் இதை மறக்குமா? அவன் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால்கூட, அவன் சொம்பைப் பார்க்கிறானா சொம்பு கொடுத்தவளைப் பார்க்கிறானா என்று எதிர்வீட்டில் ஒரு கண் கணக்கெடுக்கும்.

பூச்சைப் பற்றி அவன் வீட்டுக்கு வந்து விளக்கியபோதே எனக்குச் சந்தேகம்தான்.

"மொதல்ல தண்ணியப் பீச்சி அடியக் கழுவணும் அத்தை. சேறு ஒரு பொட்டு இருக்கக்கூடாது. நல்லாக் காய விடணும். துரு இருந்தாக் கம்பி பிரஷ் போட்டுச் சொரண்டணும். சைலன்சர், பிரேக்கு எல்லாம் பேப்பர் ஒட்டி மூடணும், அதுல படக்கூடாது. அப்பறந்தான் மருந்து அடிக்கிறது. காஞ்சா ரப்பர் மாரி ஒட்டிக்கும். கடல்லயே வண்டிய எறக்கலாம்."

"எறக்கிட்டு யாரு ஏத்துறது? அது கெடக்கட்டும். கதவுல அடிச்சா கண்ணுக்குத் தெரியும். அடியில நீ அடிச்சியா, அடிக்காம வீட்டுல படுத்துத் தூங்குனியான்னு யாரு பாக்கப் போறா?"

"நீ வந்து பாரேன். யாரு வேணாங்குறா?"

போய்ப் பார்த்தேன். விடுவேனா? காரை இரண்டு இரும்புத் தூணுக்கு நடுவே அந்தரத்தில் தூக்கி நிறுத்தியிருந்தான். அப்படியொரு பொருளை அடியிலிருந்து பார்ப்பது பெரிய மனிதர் வேட்டி விலகியதைப் பார்த்த மாதிரி இருந்தது. முகம் திருப்பிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. அவன் அடித்து முடித்தபோது அடிப்பக்கம் முழுக்கக் குளித்து எழுந்த எருமை மாதிரி கறுப்பாக மினுமினுத்தது. உண்மைதானா என்று ஒரு விரலால் குத்திப் பார்த்தேன். விரல் கறுப்பானது. முந்தானையில் துடைத்தேன். முந்தானை கறுப்பானது. பூச்சு ஒட்டும் என்பதில் மட்டும் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை. மூலை முடுக்கில் விட்டுவிட்டானோ என்கிற சந்தேகத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழை இந்தத் தடவை நன்றாகவே அடித்தது. கண்மாய்த் தண்ணீர் ரோட்டில் ஏறி ஓடியது. மாப்பிள்ளை அதற்குள்தான் போனார், வந்தார். அந்த நாட்களில் ஒரு நாள் மகள் அவருடைய சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இதப் பாரு. சட்டை முதுகு பூரா மண்ணு. கேட்டா செவத்துல சாஞ்சேங்குறாரு. செவத்துல சாஞ்சா ஈர மண்ணு அப்புமா?"

"வாத்தியாருங்க உக்காந்துதான் தூங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். படுத்துத் தூங்குற அளவுக்குப் பெரிய வாத்தியாராயிட்டாரோ என்னமோ."

அவள் சிரிக்கவில்லை. பெண்டாட்டிக்கு வருகிற சந்தேகமே தனி. அது என்னுடையதைப் போல விளையாட்டுக்கு வருவதில்லை.

தை பிறந்தது. மழை விட்டது. அப்போதுதான் எதிர்வீட்டுக்காரியின் ஆடு எனக்குக் கண்ணில் பட்டது. விடிந்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வரும். குனிந்து காரின் முன்பக்கத்தில் தலையை நுழைக்கும். சிமென்ட்டுத் தரையை நக்கும். விரட்டினால் போகும், போய்விட்டு மறுபடி வரும். இலை கிடையாது, தழை கிடையாது, கஞ்சித் தண்ணீர் கிடையாது. வெறும் தரையில் அதற்கு என்ன வேலை?

"ஒன் ஆட்டுக்குக் காரு ஓட்டப் பழகணும்னு ஆசை வந்துருச்சா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க ஆடு மேயப் போற எடத்துல என்னமோ இருக்கு ஆச்சி. ஆட்டுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது" என்றாள் அவள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். பாதியைச் சொல்லுவாள், மீதியைக் கண்ணால் வைத்துவிட்டுப் போவாள்.

குனிந்து பார்த்தேன். தரையில் கறைச் சொட்டு. வெற்றிலை துப்பியது போல, காய்ந்து சிவந்த சொட்டு. இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில். காரில் என்ன சிவப்பாகச் சொட்டும்? துரு.

'பாவி, மூலையில் விட்டுட்டான்' என்று நினைத்தேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கைபேசி விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"நான் அப்பவே நெனச்சேன். இவரு பூசுன லட்சணத்தப் பாருங்க. ஒரு மழை தாங்கல."

அவர் சொன்னதை எதிர்வீட்டுக்காரி சுவருக்கு மேலே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நாளிதழ் எதற்கு? சாயங்காலத்துக்குள் தெருவே சொல்லியது: வாத்தியார் காரே துருப் பிடித்துவிட்டது, சிங்கப்பூர்க்காரன் தாரை அடித்து ஏமாற்றியிருக்கிறான். இன்னொரு பேச்சும் கூடவே போயிற்று: வேண்டுமென்றேதான் செய்திருப்பான், முறைப் பெண்ணைத் தட்டிக்கொண்டு போனவன் காருக்கு வேறு எப்படிப் பூசுவான்? மறுநாள் வண்டி விடுவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் மகன் போனில் கிட்டத்தட்ட அழுதான்.

"வண்டியக் கொண்டாரச் சொல்லு அத்தை. என்னன்னு பாக்காம எப்புடிச் சொல்லலாம்? நான் ஒரு எடம் விடல. கொண்டாரச் சொல்லு."

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "இன்னைக்கு வேணாம் அத்தை" என்றார். மறுநாள் சொன்னேன். "புதுக்கோட்டையில வேற எடத்துல காட்டிக்கிடலாம்" என்றார். ஆக, இவருக்கு உண்மை வேண்டாம், அவன் பேர் கெடுவதுதான் வேண்டும் போல என்று எனக்குத் தோன்றியது. பெண்டாட்டியின் முறைப் பையன் என்றால் எந்த வாத்தியாருக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும். சனிக்கிழமை காலையில் அவர் சட்டை மாட்டுவதற்கு முன்னால் நான் போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன். மாட்டத் தெரியும், கழற்றத் தெரியாது.

"எறங்குங்க அத்தை."

"கழட்ட வரல மாப்புள. அண்ணன் மகன் கடையில கழட்டி விடுவான். போங்க."

கடைக்குப் போனோம். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். அண்ணன் மகன் மாப்பிள்ளையைப் பார்த்து, "வாங்க" என்றான். அவ்வளவுதான். அப்புறம் காரைத் தூக்கினான்.

கறுப்பு அப்படியே இருந்தது. எருமை இன்னும் பளபளத்தது. இடது பக்கம் முன்னால், வண்டியைக் கட்டி இழுக்கிற கொக்கி இருக்குமே, அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பட்டையாக உரிந்து கிடந்தது. அதற்கு நடுவே, கொக்கிக்கு மேல்புறம் சந்தில், கறுப்புத் துணியில் ஒரு முடிச்சு. கொத்தனார் வைத்திருக்கிற கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"செய்வினை."

அவர் சொன்னதுமே எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக அண்ணன் மகனைப் பார்த்தார்கள். காருக்கு அடியில் போகிற ஆள் ஊரில் யார்? அவன் ஒருவன்தான். முறைப் பெண் வீட்டுக் கார். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

"அத்தை... நான் இல்ல அத்தை" என்றான் அவன். அவன் தலைக்கு மேலே அவனே எழுதி மாட்டிய கடைப் பலகை. அந்தப் பலகை இன்றைக்கே இறங்கிவிடும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. பொய் சொல்வானேன்? கையில் தூக்கி வளர்த்தவன் மேலேயே வந்தது.

"எவனாச்சும் பூசாரியக் கூட்டியாங்கப்பா, கை வைக்காதீங்க" என்றார் ஒருவர்.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "பூசாரி எதுக்கு? வெறும் உப்பும் மொளகாயும்தான். அத்துத் தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

எல்லாரும் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். முடிச்சை இன்னும் யாரும் அவிழ்க்கவே இல்லை.

"கொறடக் குடுடா" என்றேன் அண்ணன் மகனிடம்.

"வேணாம் ஆச்சி! தொடாதீங்க!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

"என்னையக் கொல்றதுக்கு எந்தப் பேய் இனிமே மெனக்கெடப் போகுது? கொஞ்ச நாள் பொறுத்தா சும்மாவே கெடைக்குமே."

கம்பியை நானே அறுத்தேன். துணி ஈரமாகக் கனத்தது. பிரித்தால் கல் உப்பு, மழையில் கரைந்து பாதி குழைந்து. நாலைந்து வற்றல் மிளகாய். ஒரு துண்டு படிகாரம். நக்கிப் பார்த்தேன். கூட்டம் முழுக்க "ஐயோ" என்றது. உப்புதான். ஆட்டுக்கும் அதுதான் ருசித்திருக்கிறது. சட்டை முதுகில் அப்பிய மண்ணும் அந்த நொடியில் எனக்கு விளங்கியது. கம்பி உராய்ந்து பூச்சை அறுத்திருக்கிறது, அறுத்த இடத்தில் உப்புத் தண்ணீர் மழைக்காலம் முழுக்கச் சொட்டியிருக்கிறது. இரும்பு வேறு என்ன செய்யும்?

"வீட்டுச் சமாச்சாரம் இது. வீட்டுல பேசிக்கிடுறோம்" என்று சொல்லி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு காரை இறக்கச் சொன்னேன். அண்ணன் மகன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னேன்.

"மாப்புள, பிள்ளைங்களுக்கு ஆணியத் தண்ணியில போட்டுக் காட்டுவீங்களே, துருப் புடிக்கிறத. எந்தத் தண்ணியில சீக்கிரம் புடிக்கும்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உப்புத் தண்ணியில."

"பாஸ் பண்ணிட்டீங்க."

அப்புறம் வந்தது பேச்சு. பூச்சு அடித்த பிறகு, மழை தொடங்கிய நாட்களில் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்து போனதாம். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர், கண் பட்டிருக்கும், உப்பு மிளகாய் கட்டுங்கள் என்று சொன்னாராம். கண்ணாடியில் கட்டினால் நான் சிரிப்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் யாரும் பார்க்காத இடத்தில், பள்ளிக்கூட மரத்தடியில் காரை நிறுத்தி, மல்லாக்கப் படுத்துக் கட்டியிருக்கிறார். அதில் இருந்து துரு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். பூசியவன்தான் ஏமாற்றிவிட்டான் என்று நிசமாகவே நினைத்தாராம். முடிச்சு வெளியே தெரிந்துவிடுமே என்றுதான் கடைக்கு வர மறுத்திருக்கிறார்.

"எலுமிச்சம்பழத்துல முடிஞ்சிருக்கும் மாப்புள. இப்ப பாருங்க, அவன் கடை போகப் போகுது."

"நானே போய்ச் சொல்லிர்றேன் அத்தை. கூட்டத்துல வச்சே சொல்றேன். சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க."

சொன்னார், ஆனால் வண்டியைத் திருப்பவில்லை. நாளைக்கு வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையில் மிளகாய் வரைந்து வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

"அவன்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்க. அது அவனுக்குச் சேர வேண்டியது. ஊருக்கு நெசம் எதுக்கு? ஊரு வாய நான் பாத்துக்கிடுறேன். வண்டியத் திருப்புங்க."

திருப்பினார். கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேரும் பேசினார்கள். நான் காரிலிருந்தே பார்த்தேன். என்ன பேசினார்களோ, கேட்கவில்லை. அண்ணன் மகன் முதலில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாப்பிள்ளை அவன் தோளில் கை வைத்தார். என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை. உரிந்த இடத்தைச் சுரண்டி அன்றைக்கே புதுசாக அடித்துக் கொடுத்தான்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்வினை எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரியும் இன்னும் நாலு பேரும் வாசலில் நின்றார்கள். முகத்தில் துக்கம், கண்ணில் சந்தோஷம். நான் இறங்கி, முடிச்சை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினேன்.

"இதக் கட்டுனவ நான்தான். வாத்தியாருக்குத் தெரியாமக் கட்டுனேன், கண்ணு பட்டுறக்கூடாதுன்னு. வழி பூரா திட்டிக்கிட்டே வந்தாரு, சயின்ஸ் வாத்தியார் வீட்டுல இதெல்லாமான்னு. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. மழைக்காலம் பூரா இம்புட்டு உப்பு வச்சுத் தேச்சும் ஒரு உள்ளங்கை எடந்தான் போயிருக்கு. மத்த எடமெல்லாம் பூசுன அன்னைக்கு இருந்த மாரியே இருக்கு. எங்க அண்ணன் மகன் என்னத்தப் பூசுறானோ, என் மூஞ்சிக்கும் ஒரு கோட்டு அடிக்கச் சொல்லலாம்னு பாக்குறேன்."

நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தி கடை எந்த இடம் என்று கேட்டாள், அவள் மகன் வண்டிக்கு. எதிர்வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. என் முட்டியைப் பார்த்தாள், காரின் உயரத்தைப் பார்த்தாள், மறுபடி முட்டியைப் பார்த்தாள்.

"படியேறவே ஒரு மணி நேரம் எடுக்குற. நீ எப்புடி ஆச்சி காருக்கு அடியில போன?"

"போறதுல என்ன கஷ்டம்? படுத்து உருண்டேன், போயிட்டேன். வெளிய இழுக்கத்தான் ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சு. அதுல ஒருத்தரு ஒன் வீட்டுக்காரரு. வேணும்னாப் போயிக் கேட்டுப் பாரு, ஒங்கிட்ட எதுக்கு மறைச்சாருன்னு."